ஐந்து ஆலைக்கு நின்ற பி.ஏ.

போன வாரம் டி.வி.யில் நான்கு பேர் உட்கார்ந்து பேசினார்கள். காலேஜில் சேர்கிற பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அவர்களை முடிக்கவைக்க சர்க்கார் என்ன செய்ய வேண்டும் என்று விவாதம். ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேசினார். இன்னொருவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் ஆட்டிக்கொண்டு பேசினார். பஸ் வசதி என்றார்கள், ஸ்காலர்ஷிப் என்றார்கள், திட்டம் என்றார்கள். நானும் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டேன். நாலு பேரில் ஒருவர்கூடக் கரும்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. எழுந்துபோய்ப் பாலை இறக்கிவைத்தேன்.

நான் படித்தது மூன்றாம் கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கம் எழுத ஒரு காலை போய்விடும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஆளை பி.ஏ. முடிக்கவைத்தவள் நான். அந்த நாலு பேரில் எத்தனை பேர் அந்த வேலையைக் கையால் செய்திருப்பார்கள் என்று தெரியாது. அதனால் என் பங்குக்கு நானும் சொல்லிவைக்கிறேன்.

அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். தாய்வீடு திருத்தணிப் பக்கம். கட்டிக்கொடுத்தது சித்தூருக்கும் கங்காதர நெல்லூருக்கும் நடுவில் ஒரு கரும்பு ஊர். மாப்பிள்ளை திருப்பதியில் காலேஜ் படிக்கிறார் என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். பத்திரிகை அச்சாகி வந்தபோது அவர் பேருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டிருந்தது. என் நைனா, அதாவது அப்பா, அந்த இரண்டெழுத்தின் மேல் விரலை வைத்து, எடுக்க மனசில்லாமல் வைத்துக்கொண்டே இருந்தார். ஊரில் யார் வந்தாலும் பத்திரிகையை நீட்டி, "இங்க பாரு, இந்த எடத்துல பாரு" என்பார். முகூர்த்த நேரத்தை யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்போது அப்படி ஒரு பழக்கம். பிள்ளை காலேஜ் வாசலில் கால் வைத்துவிட்டால் போதும், பத்திரிகையில் பி.ஏ. போட்டுவிடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. விதை விட்டாயிற்று, எப்படியும் விளையும் என்கிற நம்பிக்கைதான். அது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

"ஏங்க, அந்த பி.ஏ. பேப்பர எங்க வெச்சிருக்கீங்க? ஒரு தபா பாக்கறேன்" என்றேன்.

"எந்தப் பேப்பரு?"

"பாஸ் பண்ணா ஒண்ணு குடுப்பாங்களாமே."

"அது பாஸ் பண்ணாத்தான குடுப்பாங்க" என்றார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார், கை நிற்கவே இல்லை. "இன்னும் ஒண்ணரை வருசம் கீது."

"அப்ப பத்திரிகையில போட்டது?"

"அது எங்க நைனா போட்டது. அச்சாபீஸ்காரன் பாஸான்னு கேட்டானாம். வரப்போறதுதான, போட்டு வைய்யான்னு சொல்லிட்டாராம்."

எனக்கு உடம்பு கொதித்தது. காரணம் உண்டு. என் அக்கா வீட்டுக்காரர் எஸ்.எஸ்.எல்.சி., தாலுக்கா ஆபீஸில் வேலை. அக்கா தெருவில் நடந்தால் அந்த எஸ்.எஸ்.எல்.சி. முன்னால் நடக்கும், அவள் பின்னால் வருவாள். கல்யாணத்துக்கு முன்னால் நான் அவளிடம் போய், "ஒன்னோடது பதினொண்ணு, என்னோடது பதினஞ்சு" என்று வகுப்பு எண்ணிச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வாய் என்னுடையது. இனி அந்த வாயைக் காப்பாற்ற வேண்டியதும் நான்தான்.

சரி, ஒன்றரை வருஷம்தானே என்று இருந்தேன். அப்போது எனக்கு ஆலை தெரியாது.

பொங்கல் முடிந்ததும் எங்கள் ஊரில் ஆலை போடுவார்கள். வயல் ஓரத்திலேயே மாடு கட்டி இழுக்கிற இரும்பு ஆலை, அதில் கரும்பை ஆட்டிச் சாறு எடுத்து, பெரிய இரும்புக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சி, வெல்லமாக அச்சில் வார்ப்பது. பங்குனி வரைக்கும் ஓயாது. இதில் எல்லாமே பதம். பாகு ஒரு நிமிஷம் முந்தினால் வெல்லம் கட்டாது, ஒரு நிமிஷம் பிந்தினால் கறுத்துப்போகும். எங்கள் வீட்டில் அந்தப் பதம் பார்க்கிற கை என் வீட்டுக்காரருடையது. அவர் கை பட்ட வெல்லம் சித்தூர் மண்டியில் நிறத்திலேயே தெரியும் என்று மாமா சொல்லிக்கொள்வார். மாமா என்றால் என் மாமனார். அவருக்குக் கண் மங்கல், புகையில் ஒன்றும் தெரியாது.

ஆலை போட்ட அன்றைக்கே திருப்பதிக்கு ஒரு கார்டு போகும். "ஆலை போட்டாச்சி, வரவும்." அவ்வளவுதான் வாசகம். மூன்றாம் நாள் இவர் பாகாலா வழியாக ரயிலேறிச் சித்தூரில் வந்து இறங்கிவிடுவார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு கொப்பரைக்குப் பக்கத்தில் போய் நிற்பார்.

"பி.ஏ.காரு வந்துட்டாரு! இனிமே வெல்லம் இங்கிலீஷ் பேசும்" என்று ஆலைக்காரர்கள் கத்துவார்கள். இவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. துடுப்பைப் பிடித்தால் ராஜா. சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, "எறக்கு!" என்று ஒரு சத்தம் போடுவார், நாலு ஆம்பளைகள் ஓடிவந்து கொப்பரையை இறக்குவார்கள். காலேஜில் இவர் சத்தம் போட்டால் யார் ஓடிவருவார்கள்?

பங்குனியில் பரீட்சை. ஹாஜரு போதவில்லை, உட்கார விடமாட்டோம் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். ஹாஜரு என்றால் வகுப்புக்கு வந்த நாள் கணக்கு, எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். மாமா அசரவில்லை. "படிப்பு எங்க ஓடிப்பூடும்? அடுத்த வருசம் படிச்சிக்கலாம். கரும்பு நிக்குமா?" என்றார்.  

அடுத்த வருஷமும் அதே கார்டு, அதே ரயில், அதே வேலி. அதற்கடுத்த வருஷமும். எங்கள் வீட்டில் காலத்தை ஆலையால் எண்ணினோம். அவருடைய ஒன்றரை வருஷம் ஐந்து ஆலை ஆயிற்று. இதற்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டையும் ஆரம்பித்த பத்தாம் மாதம் முடித்துவிட்டேன். யாரும் எனக்கு ஹாஜரு எடுக்கவில்லை.

மூன்றாவது ஆலைக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு இன்னொரு சாக்கு கிடைத்தது. எல்லைத் தகராறு. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்று ஊரெல்லாம் ஒரே கூச்சல். யுனிவர்சிட்டியும் திருப்பதியிலேயே புதிதாக வந்திருந்தது. அதற்கு முன்னால் பரீட்சைத் தாளெல்லாம் மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்தது.

என் நைனா எங்களைப் பார்க்க வந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாப்ள, இந்த வருசமாவது முடிஞ்சிடுமா?"

"முடிக்கறது பெரிசு இல்ல மாமா" என்றார் இவர். "நாளைக்கு எங்க ஊரு அந்தப் பக்கம் போய்ட்சின்னு வெச்சிக்குங்க. இந்தப் பக்கத்து பி.ஏ. அங்க செல்லுமா? எல்லை தீரட்டும். எந்த சர்க்காரு நம்ம சர்க்காருன்னு தெரிஞ்சப்பறம் பாஸ் பண்றதுதான் புத்திசாலித்தனம்."

என் நைனா தலையாட்டினார். மாமா தலையாட்டினார். கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரும் ஆட்டினார், அவருக்கும் காலேஜில் ஒரு பிள்ளை இருந்தான். ஒரு ஊரே பி.ஏ.வைத் தள்ளிப்போட்டுவிட்டு எல்லைக்காகக் காத்திருந்தது. இப்படி ஒரு தப்பை வேறு எந்த ஊரிலாவது செய்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் செய்தார்கள், அதையும் கௌரவமாகச் செய்தார்கள்.

கடைசியில் எல்லை தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போயிற்று, என் தாய்வீடும் கூடப் போயிற்று. சித்தூர் இங்கேயே நின்றது. அக்கா ஒரு விசேஷத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, நாங்கல்லாம் ஒரு சர்க்காரு, நீ ஒரு சர்க்காரு ஆய்ட்டோம். எல்லை தீர்ந்துட்சி. ஒன் பதினஞ்சு தீர்ந்துதா?"

சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை அவள் தலையில் கவிழ்க்கவில்லை. அதை இன்றைக்கும் என் பொறுமைக்கு அத்தாட்சியாகச் சொல்லிக்கொள்வேன்.

ஊருக்கு வந்ததும் அத்தையிடம், அதாவது மாமியாரிடம், திருப்பதிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது என்றேன். கார்த்திகை மாதம் கிளம்பினோம். மலையேறிச் சாமியைப் பார்த்துக் கீழே இறங்கியதும், "அத்தே, அப்பிடியே காலேஜுக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றேன். அத்தைக்கு அதுவும் வேண்டுதலில் ஒரு பாகம் என்று எண்ணம். பேசாமல் கூட வந்தாள்.

காலேஜ் ஆபீஸில் ஒரு வயசான குமாஸ்தா இருந்தார். தெலுங்குக்காரர், தமிழும் வரும். "எவரம்மா? ஏம் காவாலி?" என்று, யார், என்ன வேண்டும் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் எந்த வகுப்பு, எந்த ஊர் என்று சொன்னேன். ரிஜிஸ்டரை இழுத்துப் பிரித்தார்.

"ஓ, இந்தப் பெரியமனுசனா? தம்பியாம்மா ஒனக்கு?"

"வீட்டுக்காரரு."

குமாஸ்தா என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், ரிஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "ஹாஜரு லேதம்மா. நீயே பாரு. நீலம் வந்த நாளு, செவப்பு வராத நாளு."

எனக்கு அதிலிருந்த இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சிவப்பு தெரியும். பக்கமெல்லாம் மிளகாய் காயப்போட்ட மாதிரி இருந்தது.

"இவரு மட்டும் இல்லம்மா" என்றார் குமாஸ்தா. அவருக்கும் பேச ஆள் கிடைக்காமல் இருந்திருக்கும். "இந்தப் பெஞ்சு கரும்பு. தை பொறந்தா காலி. அந்தப் பெஞ்சு வேர்க்கடலை. இப்ப காலியாத்தான் கீது, போய்ப் பாரு. சன்னலோரம் மாங்கா. அவங்க வருசம்பூரா வருவாங்க, பரீட்சையப்ப தோப்புக் காவலுக்குப் பூடுவாங்க."

"அப்ப பரீட்சை எழுதறது யாரு?"

"வக்கீலு பசங்க. அவங்க வூட்ல எந்தப் பயிரும் கெடையாது."

"இந்தப் பரீட்சைய யாருய்யா பங்குனியில வெச்சது? ஆடியில வெச்சா எல்லாரும் வந்து எழுதமாட்டாங்களா?"

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இத்த நான் சொன்னா என் வேலை பூடும். நீ வேணா ஐதராபாத்துக்கு ஒரு கார்டு போடு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அம்மா, ஒண்ணு கேளு. படிப்பு முறையே மாறிப்போச்சு. இப்ப சேர்ற பசங்களுக்கு பி.ஏ. மூணு வருசம், பாடமெல்லாம் வேற. பழைய முறைக்காரங்களுக்கு இந்தப் பங்குனிதான் கடைசி. இத்த வுட்டா, முன்ன படிச்சது எதுவும் செல்லாது. மொதல்லேந்து வரணும். இன்னும் பத்து செவப்பு வுழுந்தா ஒன் வீட்டுக்காரரு கதை முடிஞ்சிது."

 ஐந்து ஆலை பொறுத்தது இதற்கா? அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசிப் பக்கத்திலும் சிவப்பு இருந்தது. இது கார்த்திகை, தை இன்னும் பிறக்கவே இல்லை.

"இது எப்பலேந்து?"

"ஐப்பசியிலேந்து" என்றார் குமாஸ்தா. "ஆள் ஊர்லதான் கீறாரு. கோவிந்தராஜசாமி கோயில் கொளத்தாண்ட பாரு."

போனோம். குளத்தங்கரையில் என் வீட்டுக்காரர் குந்தியிருந்தார், சுற்றி ஏழெட்டுப் பேர். கையில் ஒரு குச்சி. மண்ணில் கோடு கிழித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "இது நகரி ஆறு, இது ரயில் ரோடு, இப்பிடி வந்திருக்கணும் கோடு. இவங்க இன்னா பண்ணாங்க..."

அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் நின்றாள். "ஏண்டா, தீர்ந்துபோன எல்லைய இன்னும் கீறிக்கினு கீறே? காலேஜ் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா, அத்த மொதல்ல கீறுடா!"

கூட்டம் கலைந்தது. அவர் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தார். கோபமே இல்லை, வெட்கம்தான். "இல்லம்மா. தையில எப்படியும் நைனா கார்டு போடுவாரு. ஹாஜரு எப்படியும் பூடும். போற ஹாஜருக்கு இப்ப ஒக்காந்து இன்னா பிரயோஜனம்?"

"தையில கார்டு வராது" என்றேன்.

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அந்தக் கார்டை எழுதுகிறவர் நான் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஊருக்குத் திரும்புகிற ரயிலில் அத்தை என்னைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தாள். பாகாலாவில் வண்டி நின்றபோது, "இன்னாமே பண்ணப்போறே?" என்று மட்டும் கேட்டாள்.

"கொப்பரைய நான் பாத்துக்கறேன் அத்தே."

அத்தை மடியிலிருந்த லட்டைப் பிட்டு எனக்குப் பெரிய பாதியைக் கொடுத்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆலையில் அடுப்பு வாயில் சக்கை தள்ளுவது பெண்கள் வேலை. கொப்பரை ஓரத்தில் நிற்பது ஆண்கள் வேலை. அடுப்பு மண்ணுக்குள் இறங்கியிருக்கும், வாய் பின்பக்கம். நெருப்பு எங்களுடையது, பாகு அவர்களுடையது. பெண் நிழல் பாகில் விழுந்தால் பாகு முறிந்துவிடும் என்று சாத்திரம். யார் எழுதிய சாத்திரம் என்று கேட்டால் சொல்ல ஆள் கிடையாது. ஐந்து ஆலை நான் அடுப்பு வாயில் உட்கார்ந்திருக்கிறேன். பாகின் வாசனை எப்போது மாறுகிறது, கொதிக்கிற சத்தம் எப்போது தடிக்கிறது, இதெல்லாம் பார்க்காமலே எனக்குத் தெரியும். அவர் "எறக்கு" என்று கத்துவதற்கு முன்னால் நான் நெருப்பைக் குறைத்திருப்பேன். குறைக்காவிட்டால் அவர் பதம் என்ன ஆகியிருக்கும் என்று அவரே யோசித்ததில்லை.

மாமாவிடம் சொன்னபோது அவர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"பொம்பள கொப்பரைகிட்ட வந்தா பாகு முறியும்மா! ஊரு சிரிக்கும்!"

"தீபாவளிக்கு அதிரசம் துன்னீங்களே மாமா, அந்தப் பாகு யாரு காய்ச்சினது?"

"அது வூட்டுப் பாகு."

"அதுல என் நெழல் வுழலியா?"

 மாமா குரலை உயர்த்தினார். "படிப்பு எங்கம்மா ஓடிப்பூடும்? அடுத்த வருசம்..."

"ஓடிப்பூட்சி மாமா. அடுத்த வருசம் கெடையாது." குமாஸ்தா சொன்னதை அப்படியே சொன்னேன். பழைய முறை, புது முறை, கடைசித் தடவை. மாமாவுக்கு முறை புரியவில்லை. ஆனால் வெட்டாமல் விட்ட கரும்பு காய்ந்துபோகும் என்பது அவருக்குப் புரியும். அப்படிச் சொன்னதும் மறுபடி சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். அத்தை அடுக்களையிலிருந்து, "ஒரே ஒரு கொப்பரை காய்ச்சட்டும். முறிஞ்சா பாத்துக்கலாம்" என்றாள்.

தை பிறந்தது. கார்டு போகவில்லை. நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பைப் பிடித்தேன். ஊரே வேலியோரம் வந்து நின்றது, வேறு வேலை இல்லாத மாதிரி.

முதல் கொப்பரை கறுத்துப்போயிற்று.

உண்மையைச் சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன். பாகு முறியவில்லை. நிழலால் ஒன்றும் ஆகவில்லை. ஊர் பார்க்கிற படபடப்பில் "எறக்கு" என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. நாலு ஆம்பளைகளைப் பார்த்துக் கத்தி எனக்குப் பழக்கம் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் வெல்லம் தார் மாதிரி ஆகிவிட்டது.

மாமா வேலியோரம் நின்றவர்களைப் பார்த்து, "நான் சொன்னனா இல்லியா?" என்றார்.

அத்தை அன்றைக்கு அடுப்பு வாயில் சக்கை தள்ளிக்கொண்டிருந்தாள். புகைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒங்க புள்ள மொதல் கொப்பரை இன்னா ஆச்சி? மாட்டுக்கு வெச்சோம், மாடு துன்னுச்சா?"

வேலியோரம் சிரித்தார்கள். மாமாவும் கொஞ்சம் சிரித்துவிட்டார். இரண்டாவது கொப்பரையில் நான் போட்ட சத்தம் காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கே கேட்டிருக்கும். "எறக்கு!" நாலு பேரும் ஓடிவந்தார்கள். அச்சிலிருந்து தட்டியபோது வெல்லம் பொன்னாக விழுந்தது. மாமா ஒரு துண்டை எடுத்து, மங்கல் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார்.  அடுத்த கொப்பரைக்குச் சாறை ஊற்றச் சொன்னார்.

மாசி பாதியில் ஒரு மத்தியானம். கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கிறது, நிமிர்ந்து பார்க்கிறேன், வேலியில் ஒரு சட்டை தொங்குகிறது. என் வீட்டுக்காரர் பெட்டியோடு வந்துவிட்டார். கார்டு போடாமலே.

"இங்க இன்னா வேலை ஒங்களுக்கு?"

"நீ கஷ்டப்பட்டுக்கினு கீறேன்னு சொன்னாங்க. துடுப்பக் குடு."

"குடுக்கமாட்டேன்."

"ஏய், குடு. பாகு ஏறிக்கினு வருது."

"ஏறட்டும். எறக்க எனக்குத் தெரியும்."

அவர் சுற்றி வந்தார். நானும் கொப்பரையைச் சுற்றி வந்தேன். ஆலைக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நாலு சுற்று ஆனதும் அவர் சக்கைக் குவியலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒரு சக்கையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"இந்த தபா ஹாஜரு கீது. உக்கார வுடுவாங்க."

"நல்லதுதான?"

"உக்காந்தா பெயில் ஆயிடுவேன்மே. இங்கிலீஷ் பேப்பரு எனக்கு வராது. எழுதாத வரிக்கும் நான் பி.ஏ. பாவம், வேலை, அதான் முடிக்கலன்னு சொல்வாங்க. எழுதிட்டு பெயில்னா, பத்திரிகையில அச்சடிச்சது பொய் ஆயிடும்."

துடுப்பு என் கையில் நின்றுவிட்டது. ஐந்து ஆலையும் கரும்பு இல்லை, எல்லையும் இல்லை. இந்த மனுஷன் பயந்துபோய் ஓடிவந்து ஓடிவந்து எங்களோடு ஒளிந்திருக்கிறார். மாமாவின் கார்டு ஒரு கதவு, இவர் அதற்குள் புகுந்துகொண்டார். காலேஜில் எத்தனை பெஞ்சு காலியோ, அத்தனை பேரும் பயிருக்குப் போனவர்கள்தான் என்று குமாஸ்தா நினைத்திருந்தார். அதில் பாதிப் பேர் இப்படி ஒளிந்துகொள்ளப் போனவர்களாக இருக்கும்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அதனால் கறுத்துப்போன முதல் கொப்பரை வெல்லத்தில் ஒரு கட்டியைப் பானையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இது நான் காய்ச்சினது. ஊரே பாக்கக் காய்ச்சினேன். கருகிப்பூட்சி. செத்தா பூட்டேன்?"

அவர் அதை முகர்ந்து பார்த்தார். "தூ, நாறுது" என்றார். பிறகு சிரித்தார்.

"பெயில் ஆனா பெயில்னு சொல்லிக்கலாம்" என்றேன். "சித்தூர்ல பி.ஏ. பெயில்னு போர்டு எழுதி மாட்டிக்கினு கீறாங்க, நானே பாத்திருக்கேன். அதுக்கும் எழுதியிருக்கணும் இல்ல? எழுதாதவன் அந்த போர்டுகூட மாட்ட முடியாது. மூணு மணிக்கு வண்டி கீது. கெளம்புங்க."

"ஒரு கொப்பரை மட்டும் காய்ச்சிட்டு..."

"கெளம்புங்க."

போனார். வேலியில் சட்டையை எடுக்க மறந்துவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

பங்குனியில் பரீட்சை எழுதினார். நான் கடைசிக் கரும்பை ஆட்டிக்கொண்டிருந்தேன். ரிசல்ட் பேப்பரில் நம்பராக வரும். மாமா சித்தூர் போய்ப் பேப்பர் வாங்கி வந்து, கண் தெரியாமல், அதை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்து வந்தார், யாராவது படித்துச் சொல்லட்டும் என்று. பக்கத்து வீட்டுக்காரர் தேடிக் கண்டுபிடித்தார். நம்பர் இருந்தது. கடைசி வகுப்பில், கடைசி வரிசையில், ஓரமாக இருந்தது. ஆனால் இருந்தது. இங்கிலீஷ் எப்படித் தேறினார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பட்டம் கொடுக்கிற விழா அடுத்த ஆலை சமயத்தில் வந்தது. அவர் அங்கி வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கப்போவதாகவும், நான் முன்வரிசையில் உட்கார வேண்டும் என்றும், முன்கூட்டியே போயிருந்த திருப்பதியிலிருந்து எழுதினார். நான் ஒரு கார்டு போட்டேன். என் கையால் எழுதிய முதல் கார்டு. "ஆலை போட்டாச்சி, வர முடியாது."

அவரே பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக வயலுக்கு வந்தார். முழுக்க இங்கிலீஷ். "இதுல பி.ஏ. எங்க கீது?" என்று கேட்டேன். காட்டினார். அந்த இடத்தில் விரலை வைத்தேன். என் நைனா பத்திரிகையில் வைத்த மாதிரி, கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது பாகு ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தில் பழுப்பாக ஒரு ரேகை விழுந்துவிட்டது.

அவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. துடைத்தார், இன்னும் பரவியது. அதை அப்படியே எடுத்துக்கொண்டுதான் வேலை கேட்டு ஆபீஸ் ஆபீஸாகப் போனார். ஒரு ஆபீஸில் அதிகாரி பேப்பரைப் பிரித்துப் பார்த்து, இது என்னய்யா கறை என்று கேட்டாராம். மை கொட்டிவிட்டது என்றாராம் இவர். அதிகாரி சரி என்று பேப்பரை மேஜையில் வைத்தாராம். அதன் மடிப்பிலிருந்து நாலு எறும்பு வெளியே வந்து, வரிசையாக அதிகாரியின் பக்கம் நடந்ததாம்.